சந்திரமோகனின் பென்சிலும் என் மேக்ரோவும்

போன மாதம் ஹோட்டலிலிருந்து போன் வந்தது. ரிட்டையர் ஆனவளுக்கு வேலை பார்த்த இடத்திலிருந்து போன் வந்தால் ஒன்று யாராவது செத்திருப்பார்கள், இல்லை ஏதாவது ஃபைல் திறக்கவில்லை. இது ஃபைல் விஷயம். பேசியது எச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண்.

"மேடம், டூட்டி போடுறதுக்குப் புதுசா ஆப் வாங்கியிருக்கோம். உங்க பழைய எக்செல் ஃபைல்ல இருந்து ஸ்டாஃப் பேரெல்லாம் ஏத்திக்கிட்டு இருக்கேன். இதுல 'பாலசமுத்திரம் பழனியம்மாள்'னு ஒண்ணு இருக்கு. இது பேரா, அட்ரஸா?"

"பேரு."

"இனிஷியல் போட்டு மாத்திரவா மேடம்?"

"கைய ஒடிச்சிருவேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "உங்க காலத்துல எல்லாம் கையால போட்டிருப்பீங்க, பாவம். இந்த ஆப் தானாவே போட்டுருது."

நான் போட்டதும் தானாகவே போட்டதுதான். அது இவளுக்குத் தெரியாது. பட்டன் ஒன்றை அமுக்கினால் ஒரு வாரத்து டூட்டி சார்ட் கண் மூடித் திறப்பதற்குள் வந்து விழும். அதை அப்படி வரவைப்பதற்கு நான் பட்ட பாடும் போட்ட சண்டையும் எந்த ஃபைலிலும் இல்லை. அவளிடம் அதைச் சொன்னதும், எழுதிக் கொடுங்கள் என்று அவளே கேட்டாள். எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் கன்னிவாடி. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, கல்யாணமாகிக் கொடைக்கானல் வந்து, ஹோட்டலில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. என்னைத் தூக்கி டைம் ஆபீஸில் போட்டார்கள். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு என்ன ஷிப்ட் என்று வைத்திருக்கிற அறை அது. ஜன்னலுக்கு வெளியே லாண்டரி. டிசம்பரில் மவுஸைப் பிடித்தால் ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருக்கும். இவ்வளவுதான் என் பூர்வீகம். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஹவுஸ்கீப்பிங்கில் ரூம் துடைப்பது, படுக்கை விரிப்பது எல்லாம் பெண்கள்தான். பாதிப் பேர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்து பெருமாள்மலைக்குக் கீழே காலனியில் இருக்கிற குடும்பங்கள். மீதி பழனிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு மலை ஏறியவர்கள். மூன்று ஷிப்ட். மார்னிங், ஜெனரல், லேட். லேட் ஷிப்ட்தான் கொடுமை. கெஸ்ட் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் கணப்பில் விறகு அடுக்கி, கம்பளிக்குள் வெந்நீர்ப் பை வைத்துவிட்டுக் கிளம்பும்போது காலனிக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டிருக்கும். லேட் போட்டால் அன்றைக்கு வீடு கிடையாது. லினன் ரூமில் அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவே படுத்துவிட்டுக் காலையில் போக வேண்டும்.

யாருக்கு லேட் என்பதை முடிவு செய்கிறவர் ஹவுஸ்கீப்பிங் மேனேஜர் சந்திரமோகன்.

அவர் சார்ட் போடுகிற அழகைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிப்பார். பெரிய வெள்ளைத் தாள், ஸ்கேல், நன்றாகச் சீவிய பென்சில், ஒரு ரப்பர். கதவை முக்கால்வாசி சாத்தி வைப்பார். முழுக்கச் சாத்த மாட்டார், ஆட்கள் வர வேண்டுமே. ஒவ்வொருத்தியாக வருவாள். ஒருத்தி கையில் பிளம்ஸ், ஒருத்தி கையில் மலைப்பூண்டு. ஓரமாக வைத்துவிட்டு, "சார், இந்த வாரம் லேட்டு வேண்டாம் சார், பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பாள். அவர் தலை நிமிர மாட்டார். எழுதியதை அழிப்பார். ரப்பர் தூளை மெதுவாக ஊதுவார். ஊதி முடித்துவிட்டு, "பார்க்கலாம்" என்பார். அவ்வளவுதான். முடியும் என்றும் சொல்ல மாட்டார், முடியாது என்றும் சொல்ல மாட்டார். திங்கட்கிழமை போர்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் அதை டைப் அடித்துப் போர்டில் ஒட்டுவேன். அந்தத் தூள் என் மேஜை வரைக்கும் பறந்து வரும்.

தங்கமணி எதுவும் கொண்டுவர மாட்டாள். வாசலிலும் நிற்க மாட்டாள். காலனிக்காரி. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சந்திரமோகன் வீட்டில் ஏதோ விசேஷம் என்று பாத்திரம் தேய்க்க ஆட்களைக் கூப்பிட்டார். நாலு பேர் போனார்கள். "எனக்கு சம்பளம் ஹோட்டல்ல சார். உங்க வீட்டுல இல்லயே" என்றாள் தங்கமணி. அடுத்த வாரத்திலிருந்து அவள் பெயருக்கு நேரே லேட், லேட், லேட். ஒரு மாதம் முடிந்தும் மாறவில்லை. புருஷனுக்குத் திருப்பூரில் வேலை. பத்தாவது படிக்கிற மகள் ராத்திரி வீட்டில் தனியாக.

ஒரு நாள் கையெழுத்துப் போட வந்தவள் சொன்னாள். "அக்கா, சீசன் வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இதே மாதிரின்னா கீழ இறங்கிருவேன். வத்தலக்குண்டுல பூ கட்டிப் பொழைச்சுக்கிறேன்."

"அந்தாள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."

"கேட்டா 'பார்க்கலாம்'பாரு. அதக் கேக்குறதுக்கு நான் அழுக்கு மூட்டையிலயே படுத்துக்கிறேன்."

 அந்த லேட், லேட், லேட் எல்லாவற்றையும் என் விரலால் நான்தானே டைப் அடித்தேன்.

மேக்ரோ என்ற வார்த்தை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். யாரும் சொல்லித் தரவில்லை. அட்டெண்டன்ஸ் ஷீட்டில் மாதா மாதம் ஒரே மாதிரி கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மஞ்சள் அடித்துச் சலித்துப் போய், மெனுவில் எதையோ தேடும்போது 'ரெக்கார்ட் மேக்ரோ' என்று ஒன்று கண்ணில் பட்டது. அமுக்கினேன். கோடு போட்டேன். நிறுத்தினேன். உள்ளே போய்ப் பார்த்தால், நான் செய்ததை எல்லாம் வரி வரியாக இங்கிலீஷில் எழுதி வைத்திருக்கிறது. எனக்கு ஆத்திரமும் ஆச்சரியமும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் நான் விரல் தேய அடித்ததை இது ஒருதரம் பார்த்ததுமே பிடித்துக்கொண்டது.

அங்கிருந்துதான் படித்தேன். ஒன்றைச் செய்து ரெக்கார்ட் பண்ணுவேன். அது எழுதியதைப் பார்ப்பேன். ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பார்ப்பேன். தப்பு என்றால் ஒரு வரி மஞ்சளாக மாறி அப்படியே நின்றுவிடும். அந்த மஞ்சள் வரியை நான் திட்டாத திட்டு கிடையாது. ஒருதரம் ஒரு முழு நாள் நின்றது. கடைசியில் பார்த்தால் ஷீட்டின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டியிருந்தேன். மனிதர்கள் மாதிரி இல்லை அது. முகம் பார்க்காது, பூண்டு வாங்காது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. எனக்கு அதைப் பிடித்துப் போனது.

தங்கமணி பேசிவிட்டுப் போன அன்றைக்கே முடிவு செய்தேன். டூட்டி சார்ட்டை மேக்ரோ போடட்டும். விதிகளை எழுதினேன். லேட் எல்லோருக்கும் முறை வைத்து வர வேண்டும். லேட் பார்த்தவளுக்கு மறுநாள் மார்னிங் கூடாது. வார லீவு எல்லோருக்கும் உண்டு. ஓட்டிப் பார்த்துவிட்டு நேரே ஜி.எம்மிடம் போனேன். கோயம்புத்தூர்க்கார அம்மா. வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை பிளம்ஸ் எல்லாம் அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன், ஒளிவு மறைவில்லாமல். முகம் சுருங்கியது. "சீசன் வாரத்துக்குப் போட்டுப் போர்டுல ஒட்டுங்க ஜெயக்கொடி. பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

சீசன் வாரத்துச் சார்ட்டைப் போட்டேன். போர்டில் ஒட்டினேன். மானம் போனது.

எங்கள் ஹவுஸ்கீப்பிங்கில் அப்போது மூன்று பழனியம்மாள். பழனி மலையைச் சுற்றி இருக்கிற ஊர்களில் அந்தப் பெயர் இல்லாத வீடு இருந்தால் ஆச்சரியம். பென்சில் சார்ட்டில் பழனியம்மாள் என்று மூன்று வரி இருக்கும். மூத்தவள் மேலே, அடுத்தவள் நடுவே, சின்னவள் கீழே. இனிஷியல் தேவையில்லை, யார் வரி எது என்று எல்லோருக்கும் தெரியும். மேக்ரோவுக்குத் தெரியுமா? அது பெயரைத் தேடும். முதலில் கண்ணில் படுகிற பழனியம்மாள் வரியில் எழுதும். அடுத்த பழனியம்மாளுக்கும் அதே வரி. சீசனில் டபுள் டூட்டி உண்டு என்பதால், கட்டத்தில் ஏற்கெனவே எழுத்து இருந்தால் பக்கத்தில் சேர்த்து எழுது என்று நானே சொல்லி வைத்திருந்தேன். அது சொன்னபடி செய்தது. மூத்த பழனியம்மாளுக்கு ஒரே நாளில் மார்னிங், ஜெனரல், லேட் மூன்றும். வாரம் பூரா. மற்ற இரண்டு பழனியம்மாளுக்கும் வாரம் பூரா வெறும் கட்டம். வெறும் கட்டம் என்றால் லீவு.

சந்திரமோகன் எல்லோரையும் போர்டுக்கு முன்னால் கூப்பிட்டு உரக்கப் படித்தார். ஒவ்வொரு நாளாக, நிறுத்தி நிறுத்தி.

மூத்த பழனியம்மாள் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள். "ஏ பிள்ள ஜெயக்கொடி, மூணு டூட்டியும் நானே பாத்தா, இவளுக ரெண்டு பேரும் என்ன, ரூம் போட்டுத் தங்கப் போறாளுகளா?"

"அக்கா, எனக்கு ஏரி பாக்குற ரூமா பாத்துப் போடுங்க" என்றாள் சின்னவள்.

எல்லோரும் சிரித்தார்கள். தங்கமணி மட்டும் சிரிக்கவில்லை. ஜி.எம். கூப்பிட்டு விட்டார். பக்கத்தில் சந்திரமோகன்.

"மேடம், இது கம்ப்யூட்டர் போடுற வேலை இல்ல. ஆளுங்களைத் தெரிஞ்சவங்க போடணும்."

ஜி.எம். என்னைப் பார்த்தார். "இந்த வாரம் சார் போடட்டும். அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு சான்ஸ் ஜெயக்கொடி. அதுலயும் இப்படி வந்துச்சுன்னா இந்தப் பேச்சையே விட்டுரணும்."

வெளியே வந்தால் வராந்தாவில் தங்கமணி. "என்னக்கா, பழையபடி பென்சிலா?"

"ஒரு வாரம்."

"அதுக்கு அப்புறமும் பென்சில்னா நானும் இல்ல அக்கா" என்று சொல்லிவிட்டு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பெயரை வைத்துத் தேடினால் இதுதான் கதி. ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. மறுநாள் டீ நேரத்தில் லினன் ரூமுக்குப் போய்ச் சொன்னேன். சார்ட்டில் பெயருக்குப் பதில் நம்பர் வரும், எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்று. மூத்த பழனியம்மாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"நம்பரெல்லாம் வேணாம்."

"ஏன்?"

"சிலோன்ல, நாவலப்பிட்டித் தோட்டத்துல, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வரிசையா நிப்போம். கங்காணி நம்பரத்தான் கூப்புடுவான். எங்கம்மா செத்தன்னைக்குக்கூட நம்பரத்தான் கூப்புட்டான், ஏன் வரலன்னு. கப்பலேறி இங்க வந்து, இந்தக் குளிருல பினாயில் ஊத்திக்கிட்டுக் கெடக்கேன். ஆனா இங்க என்னைய பழனியம்மான்னு கூப்புடுறாங்க. அத அழிச்சிராத."

கையில் கொண்டுபோயிருந்த நம்பர் லிஸ்ட்டை மடித்து வைத்தேன். 

"அப்ப உன்னைய எப்படிப் போடணும்னு நீயே சொல்லு."

"நாவலப்பிட்டி பழனியம்மான்னு போடு. எல்லாருக்கும் தெரியட்டும்."

"அப்ப நான் பாலசமுத்திரம் பழனியம்மாள்" என்றாள் நடுவில் இருந்தவள் வெடுக்கென்று. சின்னவள் யோசித்து, தனக்கு வெறும் பழனியம்மாளே போதும், மற்ற இருவரும் ஊரைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்றாள். மூவருக்கும் அதில் சண்டை வந்து ஓய்ந்தது. நம்பரை நான் விடவில்லை. ஒரு ஓரத்து வரிசையில் போட்டு, அந்த வரிசையை மறைத்து வைத்தேன். மெஷினுக்கு நம்பர் வேண்டும், அது உள்ளே வைத்துக்கொள்ளட்டும். போர்டில் வருவது அவளவள் சொன்ன பெயர்.

பேச்சு லேட் ஷிப்ட்டுக்குத் திரும்பியது. முறை வைத்துப் போட்டாலும் முறை வரும் அன்றைக்கு அழுக்கு மூட்டைதானே என்றாள் தங்கமணி. நியாயம். அப்போது ஹோட்டல் ஜீப் டிரைவர் கருப்பையா டீ வாங்க வந்தான். நாவலப்பிட்டி பழனியம்மாள் அவனைப் பார்த்தாள்.

"ஏலே கருப்பையா, ராத்திரி வண்டிய எங்கலே நிறுத்துற?"

"எங்க வீட்டுலதான் அத்த. பெருமாள்மலைல. வெள்ளனே பால் எடுத்துக்கிட்டு வரணும்ல."

"போகையில வண்டி சும்மாத்தான போகுது?"

"சும்மாத்தான் போகுது."

 எத்தனையோ வருஷமாக அந்த ஜீப் தினமும் ராத்திரி காலியாகப் பெருமாள்மலைக்கு இறங்கியிருக்கிறது. இவர்கள் லினன் ரூமில் படுத்திருக்கிறார்கள். சந்திரமோகன் இவர்களை ஏன் அதில் ஏற்றி அனுப்பவில்லை? சார்ட்டில் லேட் ஆட்களைக் கலந்து கலந்து போட்டிருப்பார். ஒரே நாளில் ஒருத்தி காலனி, ஒருத்தி அப்சர்வேட்டரி பக்கம், ஒருத்தி வில்பட்டி. ஜீப் எந்தப் பக்கம் போகும் என்று அவர் கேட்டால் பதில் இருக்காது. ஒரே ரோட்டுக்காரர்களை ஒரே நாளில் போட்டால்?

அந்த விதியை எழுதத்தான் அந்த வாரத்தின் மீதி நாட்கள் எல்லாம் போயின. ஒவ்வொருத்திக்கும் ரோடு எது என்று ஒரு வரிசை. லேட்டுக்கு ஆள் எடுக்கும்போது முதலில் ரோட்டைப் பார், பிறகு முறையைப் பார். நூறு தரம் மஞ்சள் வரியில் நின்றது. கரண்ட் போய்ச் சேமிக்காமல் விட்டது போனது. மறுபடி எழுதினேன். வீட்டில் சமையல் அந்த வாரம் என் வீட்டுக்காரர். அவர் வைத்த ரசத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

சனிக்கிழமை ஜி.எம். ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சந்திரமோகன் பின்னால் நின்றார். ஃபைலைத் திறந்ததும் மேலே ஒரு எச்சரிக்கை வந்தது, இதில் மேக்ரோ இருக்கிறது என்று.

"பாருங்க மேடம். வைரஸ் வரும்னு அதுவே சொல்லுது."

"அது வைரஸ்னு சொல்லல சார். இதை எழுதின ஆளத் தெரியுமா, நம்பலாமான்னு கேக்குது. எனக்குத் தெரியும். நான்தான் எழுதினேன்."

பட்டனை அமுக்கினேன். கட்டங்கள் மேலிருந்து கீழே மளமளவென்று நிரம்பின. ஜி.எம். பழனியம்மாள்களைத்தான் முதலில் தேடினார். மூன்று பெயர், மூன்று வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு நாளைக்கு ஒரு டூட்டி. லேட் கட்டங்களைக் காட்டினேன். திங்கள், செவ்வாய் பெருமாள்மலை ரோடு. மற்ற நாள் வேறு ரோடு, அவர்களை விட்டுவிட்டு ஜீப் பெருமாள்மலைக்கு இறங்கும். "கருப்பையா ஜீப் காலியா இறங்குது மேடம். இவங்க ஏறிக்கிட்டாப் போதும்."

"இது ஏன் இவ்வளவு நாளா யாரும் சொல்லல?" என்று கேட்டார் ஜி.எம். என்னிடம் கேட்கவில்லை.

சந்திரமோகன் தொண்டையைச் செருமினார். "எல்லாம் சரி மேடம். அவசரத்துக்கு ஆளை மாத்த வேண்டி வரும். இப்ப தங்கமணிய வெள்ளிக்கிழமை லேட்டுக்குப் போடச் சொல்லுங்க பார்ப்போம்."

போட்டேன். கட்டம் சிவப்பாக மாறியது.

"ஏன் சிவப்பு?" என்றார் ஜி.எம்.

"அவங்களுக்குச் சனிக்கிழமை மார்னிங். லேட்டுக்கு மறுநாள் மார்னிங் கூடாது. அதோட வெள்ளிக்கிழமை வேற ரோட்டுக்காரங்க முறை. யாரு மாத்தினாலும் சிவப்பு வரும். சிவப்போட போர்டுல ஒட்டினா ஏன்னு கேப்பாங்க. பென்சில்ல எழுதினா சிவப்பு வராது மேடம்."

ஜி.எம். அந்தச் சிவப்புக் கட்டத்தில் விரலை வைத்தார். "இனிமே இதுதான்" என்றார். "எல்லாருக்கும். சூபர்வைசர், மேனேஜர் டூட்டியும் இதுலயே வரட்டும்."

அதை நான் கேட்கக்கூட இல்லை. அவராகவே கொடுத்தார்.

திங்கட்கிழமை போர்டுக்கு முன்னால் கூட்டம். தங்கமணி விரலை வைத்துத் தன் வரியை ஓட்டிப் பார்த்தாள். மார்னிங், லேட், ஜெனரல், லீவு. எல்லோருக்கும் வருகிற மாதிரி அவளுக்கும். திரும்பி என்னைப் பார்த்துவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். அவள் முறை வந்த அன்று, காலனிக்காரிகள் எல்லோரும் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இறங்கினார்கள். கருப்பையா மறுநாள் வந்து என்னிடம் குறைப்பட்டான், பெருமாள்மலை வரைக்கும் ஒரே பாட்டு, காது போச்சு என்று.

தங்கமணி கீழே இறங்கவில்லை. பூ கட்டப் போகவில்லை. சில வருஷத்தில் சூபர்வைசர் ஆனாள்.

நான் ரிட்டையர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் என் அறை வாசலில் நிழல் விழுந்தது. சந்திரமோகன். தலை நரைத்துப் போயிருந்தது. சட்டைப் பையில் அப்போதும் அந்தப் பென்சில்.

"ஜெயக்கொடி, ஞாயித்துக்கிழமை எனக்கு டூட்டி விழுந்திருக்கு. மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுல வர்றாங்க. கொஞ்சம் மாத்திப் போடேன்."

"நான் மாத்த முடியாது சார். மாத்திக்கிறதுக்கு இன்னொருத்தர் சம்மதிக்கணும். அன்னைக்கு ஃப்ரீயா இருக்கிறது தங்கமணி ஒருத்திதான்."

அவர் வெளியே போனார். பிறகு லாண்டரி வழியாக லினன் ரூமுக்குப் போவது ஜன்னலில் தெரிந்தது. நான் எழுந்து பின்னாலேயே போனேன். இதைப் பார்க்காமல் விட நான் என்ன துறவியா?

தங்கமணி பெட்ஷீட் மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று சொன்னார். மகள், மாப்பிள்ளை வீட்டார், ஞாயிற்றுக்கிழமை. அவள் தலை நிமிரவில்லை. நாலு மூலையையும் சேர்த்தாள். ஓரத்தைத் தட்டினாள். துணியில் ஒட்டியிருந்த பஞ்சை மெதுவாக ஊதினாள்.

"பார்க்கலாம் சார்" என்றாள்.

அவர் முகம் போன போக்கை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். திரும்பி நடந்தார். நான் என் அறைக்கு வந்து உட்காருவதற்குள் தங்கமணி பின்னாலேயே வந்துவிட்டாள்.

"மாத்திப் போட்டுருங்கக்கா. பொண்ணுப் பிள்ள விஷயம்ல."

"அப்ப ஏன்டி அப்படிச் சொன்ன?"

"சும்மா. லினன் ரூம் வரைக்கும் நடந்து வந்தாருல்ல, அது போதும்."

மாற்றிப் போட்டேன். கட்டம் சிவப்பாகவில்லை.